பாட்டுப் பாடிய வடிகட்டி

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நமது மாணவர் மன்றச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, நான் கடைசி பெஞ்சில் பேனா தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "அந்த விசில் பெட்டிக் கதையை எழுதுடா, எல்லாரும் படிப்பாங்க" என்றார்.

விசில் பெட்டி! போன வருட ஆண்டு விழாவில் அந்தப் பெட்டி என் மானத்தை எப்படி வாங்கியது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்றைக்கும் காரிடாரில் என்னைப் பார்த்தால் வாயைக் குவித்து விசில் அடிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அடிக்கட்டும், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று மேடையில் மைக்கைப் பிடித்து, "லோ வோல்டேஜ் காரணமாக நிகழ்ச்சி தடைப்பட்டது, மன்னிக்கவும்" என்று நான் சொன்னது பொய். கரண்ட் நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வடிகட்டி பாடுமா?

முதலில் மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. டீக்கடை வடிகட்டி தூளைப் பிடித்துக்கொண்டு டீயை மட்டும் விடுகிறது இல்லையா? எலக்ட்ரானிக்ஸில் ஃபில்டர் என்பதும் அப்படித்தான். லோ-பாஸ் ஃபில்டர் என்றால் தாழ்ந்த அதிர்வெண்களை விட்டுவிட்டு உயர்ந்தவற்றைத் தடுத்துவிடும். எந்த இடத்தில் தடுக்க ஆரம்பிக்கிறதோ அதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். சிந்தசைசரில் இந்தக் கட்-ஆஃபை ஒரு வோல்டேஜ் கொடுத்தே ஏற்றி இறக்கலாம். பளிச்சென்று இருக்கிற சத்தம் மெல்ல மெல்லக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறதே, அது ஃபில்டரின் வேலை.

இதில் பெயர் பெற்றது அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் செய்த 'ஏணி' ஃபில்டர். 1969-ல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் குறுக்கே ஒரு கெபாசிட்டர். வரைபடத்தில் பார்த்தால் அசல் ஏணிதான். நான்கு படிகள். ஏணி வழியாகப் போகிற மின்னோட்டம் கூடினால் கட்-ஆஃப் மேலே போகும், குறைந்தால் கீழே வரும்.

இரண்டாம் வருட ஆரம்பத்தில் போனில் இந்த வரைபடத்தைப் பார்த்தேன். நம் லேபில் கிடக்கிற அதே பிசி 547 டிரான்சிஸ்டர், அதே 741 மாதிரியான ஆப்-ஆம்ப். 'இதை நாமே செய்யலாமே' என்று தோன்றியது. ஒரு பொதுப் பலகையில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பற்றவைத்தேன். ரேடியோவை உள்ளே கொடுத்துக் குமிழைத் திருப்பினேன். அறிவிப்பாளர் குரல் வாயில் துணி வைத்ததுபோல் அமுங்கிப் பிறகு தெளிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்!

இரண்டாவது குமிழ் ஒன்று இருந்தது. அதற்கு ரெசனன்ஸ் என்று பெயர். வெளியே வருவதில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே அனுப்புகிற குமிழ். அதை ஏற்ற ஏற்றக் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆனது. முக்கால் பங்கு தாண்டியதும் 'ஊஊய்ய்' என்று ஒரு விசில்! பயந்துபோய் ரேடியோ வயரைப் பிடுங்கினேன். விசில் நிற்கவில்லை. உள்ளே எதுவும் போகவில்லை, வெளியே மட்டும் சத்தம் வருகிறது. எங்கோ தப்பாகப் பற்றவைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

லேப் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போகலடா, ஆசிலேட் ஆகுது. மூணாவது செமஸ்டர் நோட்டை எடுத்துப் பாரு" என்றார்.

பார்த்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. கட்-ஆஃப் அதிர்வெண்ணில் ஒவ்வொரு படியும் அலையை 45 டிகிரி பின்னால் தள்ளும். நான்கு படிக்கு 180. தலைகீழாக்கியதில் இன்னொரு 180. ஆக 360 டிகிரி. சுற்றி வருகிற அலை தன் மேலேயே சரியாக வந்து விழுகிறது. ஒவ்வொரு படியிலும் அலை 0.707 மடங்காகக் குறைகிறது. நான்கு படியில் கால் பங்கு ஆகிவிடும். அப்படியானால் நான்கு மடங்கு பெருக்கித் திருப்பி அனுப்பினால் போதும், அலை சாகாது. ஆர்.சி. ஃபேஸ் ஷிப்ட் ஆசிலேட்டருக்கு 29 மடங்கு வேண்டும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே கணக்குதான். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனது இங்கே காதுக்குள் விசில் அடித்தது.

அப்போது பக்கத்தில் என் சிவில் நண்பன் இருந்தான். தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். அவன்தான் கேட்டான்: "டேய், சத்தம் புல்லாங்குழல் மாதிரி இருக்குடா. இதுலயே பாட்டு வாசிக்க முடியுமா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசரிலேயே ரெசனன்ஸை முழுதாக ஏற்றிவிட்டு, மற்ற சத்தங்களை அணைத்துவிட்டு, ஃபில்டர் விசிலை மட்டும் வாசிக்கலாம். கட்-ஆஃப் கீபோர்டைப் பின்தொடர அதில் இரண்டு சுவிட்ச் உண்டு. ஒன்று மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்று மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் போட்டால் முழுப் பங்கு. கீ ஒரு ஸ்தாயி ஏறினால் விசிலும் ஒரு ஸ்தாயி ஏறும்.

கேட்க எளிது. செய்வது? கீழ் 'சா' 130.8 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்த 'சா' 261.6. அதற்கும் அடுத்தது 523. கூட்டல் இல்லை, பெருக்கல்! ஆனால் கீயை அழுத்தினால் வருகிற வோல்டேஜோ சமமாகக் கூடிக்கொண்டே போகும். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட், அதாவது ஒரு செமிடோனுக்கு 83.3 மில்லிவோல்ட். கூட்டலைப் பெருக்கலாக மாற்றித் தர ஒருவர் வேண்டும். அவர்தான் நம் இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டர்! அதன் பேஸில் சுமார் 18 மில்லிவோல்ட் கூட்டினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். இன்னும் 18 கூட்டினால் நான்கு மடங்கு. இது அதன் பிறவிக் குணம், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால் போதும். ஆப்-ஆம்ப் உள்ளீட்டில் 100 கிலோ ஓம், ஃபீட்பேக்கில் 1.8 கிலோ ஓம். அந்த 1.8-ஐக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க ஒரு ப்ரீசெட். கீபோர்டுக்கு 25 பொத்தான், நடுநடுவே 24 ரெசிஸ்டர், ஒவ்வொன்றும் ஒரு சதவீதத் துல்லியமுள்ள 100 ஓம். அந்தச் சங்கிலியில் 0.833 மில்லி ஆம்பியர் ஓடவிட்டால் ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 83.3 மில்லிவோல்ட் தானாக நிற்கும். கணக்கு பேப்பரில் பளிச்சென்று வந்தது. ஆனால் டிரான்சிஸ்டரின் பேஸில் போய்ச் சேரும்போது ஒரு செமிடோன் என்பது வெறும் ஒன்றரை மில்லிவோல்ட். ஒன்றரை மில்லிவோல்ட்டில் 'ரி' என்பது 'க' ஆகிவிடுமா என்ன என்று அப்போது நான் அலட்சியமாக நினைத்தேன். செமிடோன் தாண்டிவிடும் என்பது பிறகுதான் காதில் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம். பெருக்கல் வேலைக்கு ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர் வேண்டும். அதற்காக முப்பது பிசி 547-ஐ ஒவ்வொன்றாக மீட்டரில் மாட்டி பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் பார்த்தேன். விரலால் தொட்டதுமே ரீடிங் இறங்கும். விரலை எடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் பழைய இடத்துக்கு வரும். ஒரு டிகிரி சூட்டுக்கு இரண்டு மில்லிவோல்ட் இறங்குகிறது. 'சனியன், தொடாமல் அளக்கணும்' என்று மட்டும் நோட்டில் எழுதி வைத்தேன். பெட்டி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டது. எனக்குத்தான் கேட்கவில்லை.

நெயில் பாலிஷ்

ட்யூனிங் ஆரம்பித்தது. கீழ் 'சா'வை 130.8-ல் வைத்தேன். இரண்டு ஸ்தாயி மேலே 523 வரவேண்டும். 494 வந்தது. ஒரு செமிடோன் குறைவு! ஸ்கேல் ப்ரீசெட்டைத் திருப்பி 523-க்குக் கொண்டு வந்தேன். கீழே போய்ப் பார்த்தால் 'சா' நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்தால் மேலே போய்விட்டது. மேலே, கீழே, மேலே, கீழே... ஒரு வாரம் இப்படியே ஏற்றம் இறைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது. தம்பிகளே, நீங்கள் செய்தால் இதை நினைவில் வையுங்கள். முதலில் 130-ஐயும் 523-ஐயும் தேடாதீர்கள். மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுங்கள், விடை நான்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்கேல் ப்ரீசெட்டின் வேலை அந்த விகிதம் ஒன்றுதான். நான்கு வந்த பிறகு ட்யூன் ப்ரீசெட்டால் மொத்தமாக நகர்த்துங்கள். ட்யூனை நகர்த்தினால் எல்லா ஸ்வரமும் ஒரே மடங்காக நகரும், விகிதம் கெடாது. பத்து நிமிட வேலை. ரெசனன்ஸை மட்டும் விசில் ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று மேலே வைத்துவிட்டு அப்புறம் அதைத் தொடக் கூடாது. தொட்டால் சுருதி கொஞ்சம் இழுக்கும்.

கடைசித் துல்லியத்துக்கு நண்பனின் கீபோர்டு. இரண்டும் ஒரே 'சா' பிடித்தால், சின்ன வித்தியாசம் இருக்கும்வரை சத்தம் அலையலையாக ஆடும். வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு ஓர் ஆட்டம். ஆட்டம் மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். அந்த நிற்கிற கணம் இருக்கிறதே! மீட்டரில் எத்தனை நம்பர் பார்த்தாலும் அந்தச் சந்தோஷம் வராது.

ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவியை வாசித்தேன். விசையை விட்டாலும் கடைசி ஸ்வரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும், இடது கையால் வால்யூமைக் குறைக்க வேண்டும். இருந்தாலும் பாட்டு பாட்டுதான். லேப் அண்ணன் கை தட்டினார்.

அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். டிவி மெக்கானிக்குகள் ப்ரீசெட்டைச் சரிசெய்ததும் நகராமல் இருக்க மேலே ஒரு சொட்டு பெயின்ட் வைப்பார்கள். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி இரண்டு ப்ரீசெட்டுக்கும் வைத்தேன். பெட்டியை மூடி நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். 'இனிமேல் யாரும் இதைத் தொட வேண்டியதில்லை' என்று மனசுக்குள் ஒரு பெருமை. முன் பக்கம் வால்யூம் தவிர வேறு குமிழே கிடையாது. பார்க்கக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது.

தகரப் பந்தல்

ஆண்டு விழா ஏப்ரல் மாதம். எங்கள் முறை பகல் இரண்டரை மணிக்கு வந்தது. மேடைக்கு மேலே தகரம், முன்னால் இரண்டு ஃபோகஸ் லைட். அப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் யாரும் இதற்கு முன் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. அவர் வந்ததே எனக்குப் பெரிது.

நண்பன் கீபோர்டில் சுருதி பிடித்தான். நான் முதல் கீயை அழுத்தினேன். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று கடித்தன. அடுத்த கீ. இன்னும் மோசம். மேலே போகப் போக விசில் இறங்கிக்கொண்டே போனது. நண்பன் குனிந்து, "டேய், சுருதி போச்சுடா, திருகுடா!" என்றான். எதைத் திருகுவது? குமிழ் உள்ளே இருக்கிறது. அதன்மேல் நெயில் பாலிஷ் இருக்கிறது. அதற்கு மேல் நான்கு ஸ்க்ரூ இருக்கிறது!

கூட்டம் விசில் அடிக்க ஆரம்பித்தது. அவர்கள் விசில் என் பெட்டியைவிடச் சுருதியாக இருந்தது. நான் மைக்கைப் பிடித்து லோ வோல்டேஜ் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"லேபுல நல்லா பாடிச்சுன்னு சொன்னியே தம்பி?"

"ஆமாப்பா. நேத்துகூட நல்லாத்தான் இருந்திச்சு."

"அங்க ஃபேன் இருக்கும். இங்க தகரம்." கொஞ்சம் நிறுத்தினார். "காய்ச்சிப் பாக்காமயா மேடை ஏறுன?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்பா, இது தப்பு இல்லப்பா. எலக்ட்ரானிக்ஸ்."

அப்பா சிரித்தார். "எதா இருந்தா என்னடா. எடத்துக்கு எடம் மாறத்தான் செய்யும்."

நண்பர்களே, இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா தப்பு அடிப்பவர். சிலர் பறை என்பீர்கள், எங்கள் பக்கம் தப்பு. வட்டமான மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாட்டுத் தோல். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், சத்தம் 'பொத்' என்று விழும். அதனால் அடிப்பதற்கு முன் வைக்கோலோ தென்னை ஓலையோ கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டுவார்கள். சூட்டில் தோல் இறுகும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். போதவில்லை என்றால் மறுபடி காட்டுவார்கள். அதிகம் காட்டினால் தோல் கிழிந்துவிடும். நடுவில் தொய்ந்தால் நடுவிலும் காய்ச்சுவார்கள். ஊருக்கு நடுவே, எல்லோர் கண் முன்னாலும்.

நான் காலேஜில் சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். அது பொய்யில்லை, அப்பா வயல் வேலைக்கும் போவார். ஆனால் அது பாதிதான். ஒரு தடவை காலேஜ் முடிந்து பஸ்ஸில் வரும்போது ரோட்டோரம் அப்பாவும் சித்தப்பாவும் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஜன்னலில் இருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அப்படி முகம் திருப்பியவனுக்குத்தான் அவர் பாடம் சொன்னார்.

ரிலே

மறுநாள் அதே இரண்டரை மணிக்கு லேபிலிருந்து தெர்மாமீட்டரை வாங்கிப் போய் மேடையில் வைத்தேன். 41 டிகிரி. லேபில் 30.

கணக்குப் போட்டேன். டிரான்சிஸ்டரின் அந்த 18 மில்லிவோல்ட் இருக்கிறதே, அது நிலையான எண் இல்லை. கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் கூடும். அறை வெப்பநிலை சுமார் 300 கெல்வின் என்பதால் ஒரு டிகிரிக்கு முந்நூறில் ஒரு பங்கு, அதாவது 0.33 சதவீதம். நான் கொடுத்த வோல்டேஜ் மாறவில்லை, தேவைப்படுகிற வோல்டேஜ்தான் கூடிவிட்டது. 11 டிகிரிக்கு ஸ்கேல் 3.6 சதவீதம் சுருங்கும். இரண்டு ஸ்தாயியில் 24 செமிடோன், அதில் 3.6 சதவீதம் என்றால் முக்கால் செமிடோனுக்கு மேல் போச்சு! இது போதாதென்று ஏணியின் டிரான்சிஸ்டர்களும் அதே விகிதத்தில் சோம்பிவிடும். கட்-ஆஃப் மொத்தமாகவே அரை செமிடோனுக்கு மேல் இறங்கும். தப்பு சூட்டில் ஏறுகிறது, என் பெட்டி சூட்டில் இறங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் டாப்பெட் இடைவெளி வைக்கும்போது இன்ஜின் சூடா, ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிவில்காரர்கள் பாலத்தில் விரிவுக்கு இடம் விடுகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ்காரன் நான்தான் நெயில் பாலிஷ் வைத்தேன்!

ஸ்கேல் சுருங்குவதற்கு மருந்து உண்டு. சூடு ஏற ஏற அதே 0.33 சதவீதம் கூடுகிற ரெசிஸ்டரை ஃபீட்பேக்கில் போட வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கடைக்காரரே என்னைக் கேட்டார். அப்போதுதான் முதலாம் ஆண்டு பேசிக் எலக்ட்ரிக்கல் நினைவுக்கு வந்தது. செம்பின் வெப்பநிலைக் கெழு 0.0039! செம்புக் கம்பியே அந்த வேலையைச் செய்யும். ஆனால் 1.8 கிலோ ஓம் வர எத்தனை நூறு மீட்டர் கம்பி சுற்றுவது?

லேப் ஸ்கிராப் டப்பாவில் ஒரு சின்ன 24 வோல்ட் ரிலே கிடந்தது. காயிலை மீட்டரில் வைத்தேன். 1600 ஓம். யாரோ எனக்காக முன்பே சுற்றி வைத்திருக்கிறார்கள்! ஒரு டிகிரிக்கு 1600 பெருக்கல் 0.0039, ஏறத்தாழ 6.2 ஓம் கூடும். கூடவே வரிசையில் 270 ஓம் சாதாரண ரெசிஸ்டர் போட்டால் மொத்தம் 1870. இப்போது கூடுகிற விகிதம் 0.0033. அச்சு அசல்! கொஞ்சம் கூடிப்போன பெருக்கத்தைச் சரிக்கட்ட ஸ்கேல் ப்ரீசெட்டை உள்ளீட்டுப் பக்கம் 100 கிலோ ஓமுக்குத் தொடராக மாற்றினேன். ரிலேயின் மூடியை அறுத்து எடுத்துவிட்டு, ஜோடி டிரான்சிஸ்டரை முகத்தோடு முகம் ஒட்டி, காயில் மேல் அழுத்தி, ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, பஞ்சு சுற்றினேன். இரண்டுக்கும் ஒரே சூடு இருக்க வேண்டுமே!

மேசை விளக்கை அருகில் வைத்து 40 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தேன். ரிலே போடுவதற்கு முன் மேல்-கீழ் விகிதம் நான்கிலிருந்து 3.83-க்கு இறங்கியிருந்தது. ரிலே போட்ட பிறகு 3.98. லேப் அண்ணன் இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

ஆனால் இன்னொரு பாதி மிச்சம் இருந்தது. ஸ்வரங்களுக்குள் உறவு சரியாகிவிட்டது, மொத்தச் சுருதி மட்டும் சூட்டில் இன்னும் இறங்கியது. 130.8 இருந்த 'சா' 127-க்கு வந்தது. இதற்கும் ஏதாவது ஒட்டலாமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போதுதான் 1968-ல் மூக் சிந்தசைசரில் பாக் இசையை வாசித்து இசைத்தட்டு வெளியிட்ட வெண்டி கார்லோஸ் பற்றிப் படித்தேன். உலகப் புகழ் பெற்ற இசைத்தட்டு. அந்த வாத்தியத்துக்கும் சுருதி நிலைக்காதாம். கொஞ்சம் வாசித்துப் பதிவு செய்வது, ட்யூன் சரிபார்ப்பது, மறுபடி கொஞ்சம் வாசிப்பது என்றே முழுவதையும் முடித்திருக்கிறார்.

படித்ததும் பஸ்ஸில் அப்பா சொன்னது காதில் கேட்டது. வீணை வித்வான் மேடையில்தான் தந்தியை முறுக்குகிறார். மிருதங்க வித்வான் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார். அப்பா தீ மூட்டுகிறார். யாரும் அதைக் கோளாறு என்று சொல்வதில்லை, வாசிப்பில் அதுவும் சேர்த்திதான். நான் மட்டும்தான் சுருதி சேர்ப்பதை வெளியே தெரியக்கூடாத அசிங்கம் என்று நினைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

முன் பக்கத்துக் குமிழ்

பிளேடால் நெயில் பாலிஷைச் சுரண்டினேன். ட்யூன் ப்ரீசெட்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நல்ல பொட்டன்ஷியோமீட்டர் போட்டு, முன் பக்கம் நடுவில் ஓட்டை போட்டுப் பெரிய குமிழாக மாட்டினேன். ஸ்கேலுக்கு ஸ்க்ரூ டிரைவர் நுழைய ஒரு சின்ன ஓட்டை. பெட்டியின் அழகு கொஞ்சம் கெட்டுத்தான் போனது.

இந்த வருடம் ஜனவரியில் நம் கல்லூரிப் பொங்கல் விழாவில் மறுபடி வாசித்தேன். பதினைந்து நிமிடம் முன்னாலேயே பெட்டியை மேடையில் வைத்து ஆன் செய்து, அந்த இடத்துச் சூட்டுக்குப் பழக விட்டேன். பிறகு மைக்குக்கு முன்னாலேயே நண்பன் 'சா' பிடிக்க, நான் குமிழைத் திருப்பினேன். அலை ஆடியது. கூட்டத்தில் ஒருவன், "இன்னுமா ட்யூனிங்?" என்று கத்தினான். "ஆமாண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று மைக்கிலேயே சொன்னேன். ஆட்டம் மெதுவாகி நின்றது. வாசித்தேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், மேல் ஸ்தாயி இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஆனால் பாட்டு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. பாதியில் சிலர் கூடவே பாடினார்கள்.

அடுத்த வாரம் வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். 'தப்பிசைக் கலைஞர், விவசாயக் கூலி' என்று எழுதினேன். கட்டம் சின்னது. எழுத்தை நெருக்கி எழுதினேன், இடம் போதியது.

தம்பி தங்கைகளே! பெட்டி இப்போது நம் லேபில் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. வரைபடமும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம், கெடுக்கலாம், சரிசெய்யலாம். ஒரே ஒரு வேண்டுகோள். ஆன் செய்ததும் வாசிக்க ஆரம்பிக்காதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். முன் பக்கத்துப் பெரிய குமிழைத் திருப்பிச் சுருதி சேருங்கள். அப்புறம் வாசியுங்கள்.